இடப்பக்கத் தழும்பு

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உன் செய்தி வந்தது. "மெடிக்கல் காலேஜில் நன்றிக் கூட்டம் வைக்கிறார்கள், உடல் கொடுத்தவர்களின் குடும்பத்தாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிறாயா?" என்று கல்யாணத்துக்கு அழைப்பது போலக் கேட்டிருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மா போனதிலிருந்து உன்னிடம் பேச ஆரம்பித்தாலே என் குரல் எனக்கே பிடிக்காத உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அடுத்த அறையில் படுத்திருக்கும் கப்பல் சமையற்காரர் சுவரைத் தட்டுகிறார். அதனால் எழுதுகிறேன். இங்கே இணையம் கிடைக்கிற நாளில் உனக்கு வந்து சேரும்.

நான் வரமாட்டேன்.

அன்றைக்கு நான் இன்ஜின் அறையில் இருந்தேன். மேலே கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார்கள். உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நான் வந்து சேரும்வரை அம்மாவை வைத்திரு. நீ என்ன சொன்னாய்? "லேட்டானா எடுத்துக்க மாட்டாங்கடா." காய்கறியா அக்கா அது, வாடிவிடும் என்று அவசரமாகக் கொண்டுபோய்ப் போட? நான் வந்தபோது வீடு கழுவி விடப்பட்டிருந்தது. அம்மாவின் கட்டிலில் துவைத்த துணி மடித்துக் கிடந்தது. காலேஜ் வாசலில் காவலாளி, "உள்ள விட உத்தரவு இல்லை சார்" என்றான். நடுக்கடலிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்தது ஒரு இரும்புக் கதவைப் பார்க்கத்தானா?

அம்மாவின் விருப்பம் அது என்பாய். தன் டிரைவிங் ஸ்கூல் பாஷையில் அவள் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. "கத்துக்கிறவன் தப்பு பண்றதுக்குன்னு ஒரு வண்டி வேணும்டா. நான் அந்த வண்டியா இருந்துட்டுப் போறேன்." அதை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். நாலு பேர் நின்று கத்தியால் அறுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கேட்கவில்லை.

உனக்கு மனசு கேட்டது, கையெழுத்துப் போட்டாய். எனக்குக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நீயே போய் வா.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு வரிக்கு வரி பதில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது சொல்லவேண்டியது வேறு. உட்கார்ந்துகொண்டு படி.

இன்றைக்குக் கூட்டத்துக்குப் போனேன். சித்தியைக் கூப்பிட்டேன், முட்டி வலி என்று வரவில்லை. பெரிய வகுப்பறை. படிப்படியாக மேலே ஏறும் பெஞ்சுகள். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு ஒரு பக்கம் கணவனைக் கொடுத்த அம்மாள், இன்னொரு பக்கம் தன் மகளைக் கொடுத்த ஒருவர். அவர் கைக்குட்டையை விரித்து மடித்து, விரித்து மடித்துக்கொண்டிருந்தார். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டில் சுவரோரம் நின்றார்கள். மீசை சரியாக முளைக்காத முகங்கள்.

ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பிள்ளை வந்து பேசியது. பெயர் எதுவும் அவர்களுக்குத் தெரியாதாம். வயது, செய்த தொழில், இறந்த காரணம், அவ்வளவுதான் சொல்வார்களாம். ஒரு பையன், "எங்க ஆசிரியர் தையற்காரர். அவர் விரல் நுனியில ஊசி குத்தின தடம் இருந்துச்சு" என்றான். பக்கத்து அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு பெண் வந்தாள். ஒல்லி, கண்ணாடி போட்டவள். "நான்காவது மேஜையில எங்களுக்குப் பாடம் நடத்தினவங்க, உயிரோட இருந்தப்போ கார் ஓட்டக் கத்துக் குடுத்தவங்க" என்று ஆரம்பித்தாள். இந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துச் செத்துப்போன பெண் வேறு யார்? எழுந்து நின்று, "என் அம்மா! ஊரே பிரேக்கம்மான்னு கூப்பிடும்!" என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அவள் அடுத்துச் சொன்னது இது. அப்படியே எழுதுகிறேன்.

"அவங்களுக்கு இடப்பக்கம் ஒரு பழைய தழும்பு இருந்துச்சு. உள்ள பார்த்தப்போ இடது கிட்னி இல்லை. யாருக்கோ குடுத்திருக்காங்க. உயிரோட இருக்கும்போது ஒரு தடவை, செத்த பிறகு ஒரு தடவை, ரெண்டு தடவை தன்னைக் குடுத்தவங்க. அவங்க குடும்பம் இங்க இருந்தா, உங்களுக்கு எங்க வணக்கம்."

கைதட்டினார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து தட்டினேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் தட்டினேன்.

அம்மாவுக்கு நடந்தது பித்தப்பை ஆபரேஷன்தானே? நான் காலேஜில் சேர்ந்த வருஷம். சித்திதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். நம்மை வரவேண்டாம் என்றாள். வயிற்றில் பட்டை கட்டிக்கொண்டு வந்த அம்மா, "சிரிக்க வைக்காதீங்கடா, தையல் பிரிஞ்சிடும்" என்றாளே. நீ வேண்டுமென்றே நாய் மாதிரி குரைத்துக் காட்டி அடி வாங்கினாயே.

நாற்பத்தி நாலு வயது எனக்கு. பெற்ற தாயின் உடம்பில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதை முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண் மைக்கில் சொல்லி நான் தெரிந்துகொண்டேன்.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

மூன்று தடவை படித்தேன். இதில் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை.

அவர்களே எடுத்திருப்பார்கள். எடுத்துவிட்டு, "ஏற்கெனவே இல்லை, யாருக்கோ கொடுத்திருக்கிறார்" என்று மேடை ஏறிக் கதை விடுகிறார்கள். கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட ஆள் இருக்கிறது!

சரி, அந்தப் பெண் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள். அம்மா தன் வாயால் நமக்குச் சொல்லாத ஒன்றை ஊரைக் கூட்டிச் சொல்ல இவள் யார்? அம்மா கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறுகிறவள். நான் கடைசியாக லீவில் வந்திருந்தபோது தலையணையைச் சரிசெய்யக்கூட என்னைக் கூப்பிடமாட்டாள், உன்னைத்தான் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவளின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மைக்கில் கதை சொல்வதா? செத்தவர்களுக்குக் காட்டும் மரியாதை என்றால் முதல் பாடம் வாயை மூடிக்கொள்வது. அதைக் கற்றுக்கொள்ளாதவள் நாளைக்கு டாக்டராகி என்ன செய்வாள்? நோயாளிகளின் நோயைத் தெருவில் விற்பாள்.

நீ காலேஜுக்குப் போ. எங்கே கிட்னி என்று கேள். அந்தப் பெண்ணைப் பற்றிப் புகார் கொடு. நீ கொடுக்காவிட்டால் நான் காலேஜ் முதல்வருக்கு எழுதுகிறேன். உன் மேல் உள்ள கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை.

அவர்கள் அம்மாவை இப்போது எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேள். முழுசாக ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

போய்விட்டு வந்தேன். நீ கேட்டதெல்லாம் கேட்டேன். சிலதை உன் குரலிலேயே கேட்டேன்; துறைத் தலைவர் அம்மாள் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

கிட்னியை அவர்கள் எடுக்கவில்லை. பழைய தழும்பும் புதுசாக அறுத்ததும் வேறு வேறு மாதிரி இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம் என்றார். பித்தப்பையைப் பற்றிக் கேட்டேன். "பித்தப்பை அப்படியே இருக்கும்மா. அது வலப்பக்கம் இருக்கு. தழும்பு இடப்பக்கம்." எனக்கு அதுகூடத் தெரியாது தம்பி. இத்தனை வருஷம் அம்மாவின் இடப்பக்கத் தழும்பைப் பித்தப்பைத் தழும்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். பதிவு செய்தபோது அவர்களிடமும் அம்மா பித்தப்பை என்றுதான் சொல்லியிருக்கிறாள். சும்மா புளுகவில்லை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி புளுகியிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு பேசினது எங்க தப்பு. கண்டுபிடிக்கிறதை வகுப்புக்கு வெளியே பேசக்கூடாது. முதல் நாள் அத்தனை பேரும் நின்னு உறுதிமொழி எடுத்துக்கிறாங்க. போன் உள்ளே வரக்கூடாது, கிண்டல் கூடாது, தேவைப்படாத நேரத்துல முகத்து மேல துணி இருக்கணும். அவ பேச எழுதினதை நான் படிச்சுப் பார்த்திருக்கணும்" என்றார். என்னை மாதிரியே அவருக்கும் முகம் வெளுத்துப் போயிருந்தது.

நீ கடைசியாகக் கேட்டாயே, அதையும் கேட்டேன். "வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

வகுப்பு இல்லாத நேரம். நீளமான கூடம். உயரத்தில் ஜன்னல்கள். மருந்து வாடை கண்ணைக் கரித்தது. ஸ்டீல் மேஜைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி. நான் நினைத்துக்கொண்டு போனது வேறு தம்பி. நீ எழுதியதைப் படித்துப் படித்து என் தலைக்குள் ஒரு கசாப்புக்கடை இருந்தது. உள்ளே, பிள்ளைகள் தூங்குகிற அறைக்குள் நுழைவது போலக் குரல் தானாகக் குறைந்தது. ஒவ்வொரு மேஜைக்குக் கீழேயும் மூடி போட்ட ஒரு பெட்டி, அதன் மேல் அந்த மேஜையின் எண். என்ன என்று கேட்டேன். "இந்த மேஜையில என்ன எடுத்தாலும், ஒரு நூல் அளவு இருந்தாலும், இந்தப் பெட்டிக்குள்ளதான் போகும். வேற மேஜையோட கலக்காது. படிப்பு முடிஞ்சதும் எல்லாத்தையும் அவங்களோடயே சேர்த்துத்தான் குடுப்போம்" என்றார்.

முழுசாக இல்லை தம்பி. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் தொலைந்தது எதுவும் இல்லை.

துணியை விலக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். துணியின் மேலேயே பாதத்தைத் தொட்டேன். விறைப்பாக, சில்லென்று இருந்தது. மரம் மாதிரி.

வெளியே வந்தால் அந்தக் கண்ணாடிப் பெண் நிற்கிறாள். அழுது அழுது மூக்கு சிவந்து போயிருந்தது. "குடும்பத்துக்குத் தெரியாம இருக்கும்னு நான் நினைச்சே பார்க்கலை ஆன்ட்டி. நீங்க எல்லாரும் பெருமையா உட்கார்ந்திருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, "எங்க மேஜையில ஒருத்தன் ஆரம்பத்துல எதுக்கெடுத்தாலும் ஜோக் அடிப்பான். பயத்துல அடிக்கிறான்னு தெரியும், ஆனாலும் எரிச்சலா இருக்கும். அன்னைக்கு கிட்னி இல்லைன்னு பார்த்தோம். அவன் கத்தியைக் கீழ வச்சிட்டான். அதுக்கப்புறம் அவன் ஜோக்கே அடிக்கலை. அதைத்தான் நான் சொல்ல நினைச்சேன். சொல்லத் தெரியலை" என்றாள்.

நான் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி வீடு பூட்டியிருந்தது. உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

அக்கா


மார்ச் 15

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. சித்தி சொல்லிவிட்டாள்.

இன்றைக்குப் பின்பக்கமாகப் போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினேன். திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "கூட்டத்துக்கு நான் ஏன் வரலைன்னு இப்போ தெரியுதா?" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா கிட்னி கொடுத்தது அந்த ஆளுக்கு.

ஆமாம். நம்மை விட்டுவிட்டுப் போனவர். நீ பள்ளிக்கூடத்தில் 'தகப்பன் பெயர்' எழுதும் இடத்தில் கோடு போட்டுவிட்டு வந்து, வாத்தியாரிடம் அடி வாங்கினாயே, அந்தக் கோட்டின் சொந்தக்காரர்.

சித்தி சொன்னதைச் சொல்கிறேன். ஒரு நாள் அந்த இன்னொரு பெண், அவர் யாரோடு போய் வாழ்ந்தாரோ, அவள், நம் டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றாளாம். கற்றுக்கொள்ள வந்தவள் என்று நினைத்து அம்மா, "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டாளாம். அவள் யார் என்று சொன்னாள். அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றாள். அவளுடைய ரத்தம் பொருந்தவில்லை, பொருந்தினாலும் சட்டப்படி அவள் மனைவி இல்லை. மனைவி அம்மாதான். விவாகரத்து என்ற ஒன்று நடக்கவே இல்லை.

அம்மா அவளை அடிக்கவில்லை. "வண்டியில ஏறு" என்றாளாம். ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினாள். சித்தி பின்சீட்டில். "எங்கேயாவது மோதிக் கொன்னுடப் போறான்னு நான் சீட்டைப் பிடிச்சுக்கிட்டேன்டி" என்றாள். பெட்ரோல் முள் சிவப்பைத் தொடும்வரை ஓட்டிவிட்டு, திரும்ப ஸ்கூல் வாசலில் நிறுத்தி, அம்மா கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஆஸ்பத்திரி?"

இரண்டு நிபந்தனை போட்டாளாம். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. அந்த ஆள் இந்த வாசலை மிதிக்கக்கூடாது, எதற்காகவும், தான் செத்தாலும்.

"ஏன் சித்தி? எங்ககிட்ட ஏன் மறைக்கணும்?" என்று கத்தினேன். "தெரிஞ்சா ஒண்ணு அவனைத் தேடிப் போவீங்க, இல்லை உங்க அம்மாவைத் திட்டுவீங்க. ரெண்டையும் தாங்க அவளால முடியாது" என்றாள்.

"அப்புறம் ஏன் கொடுத்தா?"

"நானும் கேட்டேன். 'பிரேக் என் காலுக்கடியில இருக்கும்போது மிதிக்காம இருக்க எனக்கு வராதுடி'ன்னா" என்றாள்.

ஆபரேஷன் செய்த டாக்டரை அம்மா நச்சரித்தாளாம், இந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டீர்கள், யார் மேல் கற்றுக்கொண்டீர்கள் என்று. அவர், தான் படித்த மேஜையையும், அதில் கிடந்த பெயர் தெரியாத ஒரு மனிதரையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். உடல் கொடுக்கிற யோசனை அங்கேதான் வந்ததாம்.

அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார் தம்பி. சித்திக்கு ஊர் தெரியும், தெரு தெரியும். இது உனக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் ஸ்கூலில் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிற ஒரு பையன் இன்றைக்குச் சுவரில் இடித்தான். நான் பிரேக்கை மிதிக்க மறந்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன.

முதல்வருக்குப் புகார் அனுப்பிவிட்டேன். உன் கடிதங்கள் வருவதற்கு முன்பே. அந்தப் பெண்ணைக் காலேஜை விட்டு நீக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வார்த்தைகள் கொஞ்சம் அதிகம்தான்.

மற்றதைப் பற்றி இப்போது எழுத முடியாது. ஒரு வால்வைத் திறக்கப் போய் வேறொன்றைத் திறந்துவிட்டேன். தலைமை இன்ஜினியர் என்னை அறைக்கு அனுப்பிவிட்டார்.

அந்த ஆளுக்கா?

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நீ போட்ட கல் எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்.

நேற்று விசாரணை. என்னையும் கூப்பிட்டார்கள். நீளமேஜை, ஆறேழு பேர். எதிரே தனி நாற்காலியில் அந்தப் பெண். அவள் பின்னால் அவளுடைய அப்பா, பஸ் கண்டக்டர், பாதி வேலையில் சீருடையோடு வந்திருந்தார். உன் கடிதத்தை வாசித்தார்கள். 'பிணத்தைத் தின்னும் கழுகு' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி வந்தபோது அவர் தன் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு. கோபம் வந்தால் உனக்குக் கண்மண் தெரியாது என்பது தெரியும். ஆனால் இருபது வயதுகூட ஆகாத பிள்ளையைப் பற்றி இதையா எழுதுவாய்?

தலைவராக உட்கார்ந்திருந்தவர், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் நினைவு வரவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னேன்: "நீ செஞ்சது தப்பு. எங்க அம்மா ஆயுசு முழுக்கப் பொத்தி வச்சதை நீ ஒரு நிமிஷத்துல எடுத்து வெளியே போட்டே. உன்னால நான் அத்தனை பேருக்கு நடுவுல நொறுங்கிப் போனேன். என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்." அவள் தலையாட்டினாள். "ஆனா நீ அவங்களைக் கேவலமாப் பார்க்கலை. அது எனக்குத் தெரியும். இவளை வீட்டுக்கு அனுப்பினா எங்க அம்மா உடம்பு யாருக்குப் பிரயோஜனம்? பாதியிலேயே வண்டியை விட்டு இறக்கிவிடுறதுக்கா அவங்க தன்னைக் குடுத்தாங்க?"

துறைத் தலைவர், தன் மேலும் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று எழுந்து நின்று சொன்னார். யாரும் எதிர்பார்க்கவில்லை.

முடிவு சொல்லவில்லை. புகார் கொடுத்தவர் நீ. உன் பதில் வராமல் எதுவும் செய்யமாட்டார்களாம்.

இன்னொன்று. இந்த வருஷப் படிப்பு முடிகிறது. மாதக் கடைசியில் அம்மாவை நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். நீ இல்லாமல் நான் வாங்கமாட்டேன். ஒரு தடவை நீ இல்லாமல் கொடுத்தேன். சட்டம் அப்படி, நேரம் அப்படி, அம்மாவின் வாக்கு அப்படி, எல்லாம் சரிதான். ஆனாலும் அந்த இரும்புக் கதவின் முன்னால் நீ நின்றாய் என்பதை உன் கடிதம் வரும்வரை எனக்கு யாரும் சொல்லவில்லையடா.

வா.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

கப்பலிலிருந்து இறங்கிவிட்டேன். இதை ரயில் நிலையத்து ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வியாழக்கிழமை வீட்டில் இருப்பேன்.

புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அந்த வரிக்காக அந்தப் பெண்ணுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் தனியாக மன்னிப்பு எழுதியிருக்கிறேன். முதல்வருக்கு வேறொன்றும் எழுதினேன்: இனிமேல் எந்த உடம்பில் எதைக் கண்டாலும் முதலில் குடும்பத்தைத் தனியாகக் கூப்பிட்டு, தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்கவேண்டும், விருப்பமில்லை என்றால் அது அந்தக் கூடத்தோடு போய்விடவேண்டும். அதில் நான் மாறவில்லை. அவள் பேசியது தப்புதான். ஆனால் அவள் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அந்த ஆளைப் போய்ப் பார்த்தேன். சித்தியிடம் முகவரி வாங்கினேன். உன்னிடம் சொன்னால் தடுப்பாய்.

அடிக்கத்தான் போனேன் அக்கா. ரயிலில் வரும் வழியெல்லாம் எந்தக் கன்னம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

ஒரு அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடுகிற அதிர்வில் படிக்கட்டே நடுங்கியது. அந்த அச்சகத்திலேயே பிழை திருத்தும் வேலை பார்க்கிறாராம். அவர் கூட வாழ்ந்த பெண் இப்போது இல்லை; ஏதோ காய்ச்சலில் எப்போதோ போய்விட்டாள். கதவைத் திறந்தார். எனக்கு நினைவில் இருந்தது வாசல்நிலையை முட்டுகிற ஆள். இவர் என் தோளுக்குத்தான் இருந்தார்.

"யாரு?"

"பிரேக்கம்மா மகன்."

விலகி நின்றார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போனேன். ஒரு நாற்காலிதான் இருந்தது. இரண்டு பேரும் நின்றோம்.

"அவ போயிட்டான்னு உன் சித்தி தகவல் சொன்னா. பஸ் ஏறிட்டேன். அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டேன். வாசல் மிதிக்க மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்" என்றார்.

"எங்களுக்கு ஏதாவது குடுத்திருந்தீங்களா?" என்றேன்.

மேஜையிலிருந்த அலாரம் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று மாத்திரை டப்பாவை எடுத்தார். ஒன்று கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அவர் முட்டி போட்டுத் தேடினார். பார்த்துக்கொண்டே நின்றேன். குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

"இதை விட்டுட்டா, உள்ள இருக்கிறது வேத்து ஆளுன்னு உடம்பு கண்டுபிடிச்சு விரட்ட ஆரம்பிச்சிடும். இத்தனை வருஷம் ஒரு வேளைகூட விடலை" என்றார்.

"உங்க உடம்பும் உங்களை மாதிரிதான். கூட இருக்கிறவங்களை வேத்து ஆளா நினைக்குது" என்றேன்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது போல. தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாத்திரையை விழுங்கினார். அந்தத் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அம்மா நான்காவது மேஜையில் துணிக்குக் கீழே இருக்கிறாள் என்றுதானே இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தண்ணீர் இறங்கிப்போய் எங்கே சேரும் அக்கா?

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெஷின் சத்தம்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முதுகைக் காட்டுவார் என்று நினைத்தேன். "பின்னாடி இல்லை. கெட்டுப்போனதை அங்கேயே விட்டுடுவாங்க. புதுசை முன்னாடி வைப்பாங்க" என்று சட்டையைத் தூக்கினார். அடிவயிற்றில் வலப்பக்கம் வளைந்த தழும்பு. அதற்குக் கீழே தோல் லேசாக மேடிட்டிருந்தது.

"தொட்டுப் பார்க்கிறியா?" என்றார்.

எனக்கு அந்த ஆளின் மேல் விரல் படுவதே அருவருப்பு. ஆனாலும் கை போய்விட்டது. வைத்தேன். தோலுக்கு அடியிலேயே, கெட்டியாக, கைக்கு அடங்குகிற அளவில் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது அக்கா. அவர் மூச்சு இழுக்கும்போது மேலே வந்து என் உள்ளங்கையை முட்டிவிட்டுப் போனது.

"அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

நான் கையை எடுக்கும்வரை அவர் தூக்கிய சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

தம்பி